கோட்டை அறுத்த 'கள்'

அலுவலகத்தில் அவளுக்கு 'ஒற்றக்கா' என்றே பெயர். எங்கே ஒரு ஒற்று விட்டுப்போனாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. தொடுதிரையில் படம் வரைய உதவும் மென்பொருளின் வழிகாட்டியை வரிவரியாகப் படித்துத் திருத்துவது அவள் வேலை. "ஊரே மென்பொருள் எழுதுது, எங்க அண்ணி அதுக்குப் புள்ளி வைக்கறாங்க" என்று கொழுந்தன் வாருவான். "நீ பேசறப்பவும் யாராவது வைக்கணும்டா" என்பாள் அவள்.

ஒருநாள் காலை, "விரல்களை எடுத்ததும் கோடு முடியும்" என்ற வரி அவளை இடறியது. எழுத்துப் பிழை இல்லை. ஆனால் எத்தனை விரல்? டேப்லெட்டை இழுத்து, இரண்டு விரல் வைத்துக் கோடு போட்டாள். ஒன்றை மட்டும் எடுத்தாள். கோடு பட்டென்று நின்றது. இன்னொரு விரல் திரையிலேயே இருந்தது!

மறுபடியும் பார்த்தாள். அதேதான். பின்வரிசை நிரலாளரிடம் ஓடினாள்.

"தம்பி, ஒரு விரலை எடுத்தாலே கோடு முடியணுமா?"

"ஆமாக்கா. அப்படித்தான் செஞ்சிருக்கோம்."

"அப்போ இந்தக் 'கள்' இங்க என்ன பண்ணுது?"

அவன் படித்தான். டீயைக் கீழே வைத்தான். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இந்த வழிகாட்டியை நம்பி, சின்னப் பிள்ளைகளுக்கு ஓவிய விளையாட்டு செய்துகொண்டிருந்தது வேறொரு நிறுவனம். கோடு பாதியில் அறுபடுகிறதே என்று இரண்டு வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லா விரலையும் எடுத்தால்தான் கோடு முடியும் என்பது அவர்கள் நினைப்பு.

உடனே போன் போட்டார்கள். அவள் சொல்லி முடிப்பதற்குள் மறுமுனையில் ஒரு பெண் கத்தினாள்: "ஐயோ அக்கா! அதேதான்! இருங்க, வைக்காதீங்க!"

தடதடவென்று தட்டச்சுச் சத்தம். பத்து நிமிஷம் இருவரும் போனை வைக்காமல் காத்து நின்றார்கள். பிறகு அங்கே ஒரே கூச்சல், கைதட்டல். "அறுபடலக்கா! கோடு அறுபடவே இல்ல!"

நிரலாளத் தம்பி நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினான். ஒற்றக்கா தன் இடத்துக்குப் பறந்துபோய், "ஏதாவது ஒரு விரலை எடுத்ததும்" என்று மாற்றினாள். அவசரத்தில் அவளே ஒரு ஒற்றை விட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே சேர்த்தாள்.

சாயங்காலம் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் கணவரிடம் கொட்டித் தீர்த்தாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரெண்டெழுத்துக் 'கள்'ளுக்கே இவ்வளவு போதையா?" என்றார்.

அந்த வாரமே அவள் வழிகாட்டி முழுக்க 'விரல்கள்' வந்த இடமெல்லாம் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றையும் திரையில் வைத்துப் பார்த்தாள். இன்னும் நான்கு சிக்கின. அதற்குப் பிறகு, அவள் தொட்டுப் பார்க்காத எந்தப் பக்கத்தையும் நிரலாளர் வெளியே அனுப்புவதில்லை.