வெளுத்துக்கொண்டே வந்த முகம்

அந்தப் பெண் வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே எனக்கு அவள் மேல் சந்தேகம்தான். பழைய புகைப்படங்களைப் பாதுகாக்கும் காப்பகத்திலிருந்து வருகிறாளாம். சாயல்குடிப் பக்கத்தில் எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில் இருந்த, அந்தக் காலத்துப் படம் பதிந்த கண்ணாடித் தகட்டைப் பார்த்தவள், "ஒரு வாரம் குடுங்கக்கா, காகிதத்துல படம் போட்டுத் தாரேன், தகட்டையும் திருப்பித் தந்துருவேன்" என்றாள். எதுவுமே வாங்காமல் செய்வாளாம்! சும்மா யார் செய்வார்கள்?

தகட்டில் இருப்பது என் அப்பத்தா. அய்யாவைக் கைக்குழந்தையாக விட்டுவிட்டுச் செத்துப்போனவள். அவளுக்கு வேறு படமே கிடையாது. "கண்ணு மங்குறதுக்குள்ள எங்க ஆத்தா மூஞ்சிய ஒருவாட்டி பாத்துரணும்" என்று அய்யா கெஞ்சினார். அதனால்தான், அந்தப் பெண் கெடுத்துத்தான் தருவாள் என்று அவரிடம் சொல்லிக்கொண்டே கொடுத்தேன். கொடுக்கும் முன் என் போனில் படம் எடுத்துக்கொண்டேன். வேறு தகட்டை மாற்றித் தந்துவிடக் கூடாதே என்று மூலையில் நகப்பாலிஷால் ஒரு புள்ளியும் வைத்தேன்.

ஒரு வாரம் கழித்து ராமநாதபுரத்தில் இருந்த அந்தக் காப்பகத்துக்குப் போனேன். என் புள்ளி அப்படியே இருந்தது. கம்ப்யூட்டரில் படத்தைக் காட்டினாள். காதில் பாம்படம் தெரிந்தது, சேலைக் கட்டம்கூடத் தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் கன்னங்கரேலென்று ஒரு வட்டம்.

"ஏம்மா, என்னத்த ஊத்திக் கழுவுன? எங்க அப்பத்தா மூஞ்சி எங்க?" கத்திவிட்டேன்.

அவள் என் போனைக் கேட்டாள். நான் எடுத்த படத்தைப் பெரிதாக்கினாள். அதில் முகம் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"தகட்டுல வெள்ளை கறுப்பாவும் கறுப்பு வெள்ளையாவும் மாறித்தான்க்கா தெரியும். முகம் கறுப்பா இருந்திருக்கணும். தகட்டுல ஒரு பக்கம் பளபளப்பு, ஒரு பக்கம் மங்கல்; அந்த மங்கலான பக்கத்துலதான் படமே ஒட்டியிருக்கு. ஈரம் பட்டா உரிஞ்சு வந்துரும், வெறும் கண்ணாடிதான் மிஞ்சும். வீட்டுல இதைத் துடைக்கிறது யாரு?"

நான்தான். ஆடி அமாவாசைக்கு ஆடி அமாவாசை, அந்த மங்கலை அழுக்கென்று நினைத்து, ஈரத்துணியால் தேய்த்து, நெற்றியில் சந்தனம் வைப்பேன். வருஷத்துக்கு வருஷம் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. அப்பத்தா பளிச்சென்று ஆகிறாளே என்று பூரித்துப் போனேன், பாவி.

திரும்பும்போது பஸ்ஸில், பழியை அந்தப் பெண் மேலேயே போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். வீட்டில் அய்யா காகிதப் படத்தை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனார்.

"நீ சொன்ன மாதிரியே அந்தப் புள்ள கெடுத்துருச்சா?"

"இல்லய்யா. நான்தான். வருசா வருசம் தொடச்சுத் தொடச்சே அழிச்சுட்டேன்."

அவர் பெருவிரல் அந்தக் கறுப்பு வட்டத்தைத் தடவிக்கொண்டே இருந்தது.

"பக்கத்துல நின்னு, இன்னும் நல்லா அழுத்தித் தொடைன்னு சொன்னது நான்தானம்மா" என்றார்.