ஸ்பீக்கருக்கு ஆணி அடித்தவன்

தேயிலை பேக்டரியில் எனக்குப் பெட்டி அடிக்கிற வேலை. மெல்லிய பலகைகளைச் சேர்த்து, ஓரங்களில் தகரப் பட்டை வைத்து, குட்டை ஆணிகளை இறக்கி, உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளை வளைத்து அறைந்துவிட வேண்டும். அப்படி அறைந்த பெட்டி கொழும்புக்குப் போய், கப்பலேறி, லண்டனில் இறங்கும்வரை வாயைத் திறக்காது. இந்த வேலையில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு. பேக்டரியைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் ஐயா வேறு ஒரு நாள் நாலு பேர் முன்னால் அதையே சொல்லிவிட்டார். கேட்க வேண்டுமா? தலைக்கனம் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அறுபதுகளின் தொடக்கம் அது. நோட்டன் பிரிட்ஜுக்குப் போகிற ரோட்டுக்கு மேலே, வரிசை வீடுகளாக எங்கள் லயம். எங்களுக்கு ஒரு மகள் பிறந்து, பதினோரு மாதத்தில் காய்ச்சல் கண்டு போய்விட்டாள். அதன் பிறகு என் மனைவி பழையபடி எழுந்து நடமாடவில்லை. இருதயம் பலவீனம், கொழுந்து பறிக்கப் போகக்கூடாது, மேடு ஏறக்கூடாது என்று தோட்டத்து ஆஸ்பத்திரி மருந்தையா சொல்லிவிட்டார். மகளின் பெயரை எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் நாங்கள் சொல்வதில்லை. சொன்னால் மனைவி உடைந்துவிடுவாள் என்று நான் பயந்தேன். அவளும் என்னைப் பற்றி அப்படித்தான் நினைத்தாளோ என்னவோ.

லயத்துக்கு மேலே நாற்பது படி ஏறினால் வாசகசாலை. அங்கே பேட்டரியில் ஓடும் ரேடியோ ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பகலில் நேயர் விருப்பம் வரும்போது லயமே மேலே போய்விடும். இவள் மட்டும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பாள். காற்று இந்தப் பக்கம் அடித்தால் பாட்டில் பாதி வரும்.

ஒரு நாள் சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னாள்.

“ஏங்க, ரேடியோவுக்கு ஒரு போஸ்ட் கார்டு போட்டிருக்கேன். நம்ம பேரெல்லாம் வாசிச்சுப் பாட்டுப் போடுவாங்க. அத நான் என் காதால கேக்கணும்.”

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். அடுத்த சனிக்கிழமையே ஹட்டனுக்கு பஸ் ஏறினேன். ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் ஒரு பழைய ஸ்பீக்கரும், வாசகசாலையிலிருந்து எங்கள் காம்பரா வரைக்கும் எட்டுகிற வயரும் வாங்கினேன். கடைக்காரர் ஒரு காகிதப் பொட்டலத்தையும் சேர்த்து நீட்டினார்.

“தம்பி, இதுல நாலு போல்ட்டும் நட்டும் இருக்கு. நட்டுக்கு அடியில இந்தச் சுருள் வாசரப் போட்டு முடுக்குங்க. ஆணி கீணி அடிச்சிராதீங்க. பாடுறப்ப பெட்டி நடுங்கும், ஆணி நிக்காது.”

எனக்குச் சுருக்கென்றது. “அண்ணே, நான் அடிச்ச பெட்டி லண்டன் வரைக்கும் போகுது. எனக்கா பெட்டி அடிக்கச் சொல்லித் தர்றீங்க?” என்று சொல்லி, பொட்டலத்தை மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

கழித்துப் போட்ட தேயிலைப் பெட்டிப் பலகையில் பெட்டி செய்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. முன்பலகையில் வட்டமாக ஓட்டை போட்டு, பின்னாலிருந்து ஸ்பீக்கரை வைத்து, அதன் விளிம்பிலிருந்த நான்கு துளைகளிலும் பெட்டி ஆணியை இறக்கி முனையை வளைத்து அறைந்தேன். மேலேயிருந்த ரேடியோவோடு வயரை இணைத்து முதல் பாட்டு வந்தபோது அவள் பெட்டியின் மேல் கையை வைத்துப் பார்த்தாள். “உள்ள ஆள் இருக்கிற மாதிரி அதிருதுங்க” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று!

மூன்றாவது வாரமே கரகரப்பு வந்துவிட்டது. தேயிலைப் பெட்டி அடித்தால் அடித்தபடி கிடக்கும். இது பாடுகிறபோதெல்லாம் ஆடுகிறது, ஆட ஆட ஆணித் துளை பெரிதாகிறது. அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் திரும்ப அந்தக் கடைக்குப் போய்க் கையை நீட்ட மனம் வரவில்லை. பக்கத்தில் இன்னொரு ஆணி அடித்தேன். அடுத்த வாரம் இன்னொன்று. பலகை கீற ஆரம்பித்தது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை பேய் மழை. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் ஒன்றும் கேட்காமல் போகவே, மேலே வாசகசாலையில் ரேடியோவை முழுச் சத்தத்தில் வைத்துவிட்டார்கள். எங்கள் பெட்டி கிடுகிடுவென்று நடுங்கியது. நான் எழுந்து போவதற்குள் ஆணிகள் பலகையைப் பிய்த்துக்கொண்டு வர, காந்தத்தின் கனத்தில் ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளேயே சரிந்தது. வளைத்த ஆணி முனை ஒன்று ஸ்பீக்கரின் காகிதக் கூம்பைக் கிழித்துவிட்டது. வயரும் அறுந்தது. நான் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்துக் காம்பராப் பெண் மழையில் நனைந்துகொண்டே படியிறங்கி ஓடிவந்தாள்.

“அக்கா, வாசிச்சிட்டாங்க! உங்க பேரு, அண்ணன் பேரு, அப்புறம்...” என்றவள் என்னைப் பார்த்துத் தயங்கினாள். “அப்புறம் பாப்பா பேரு.”

எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. அந்தக் கார்டில் மகளின் பெயரையும் எழுதியிருக்கிறாள். என்னிடம் சொல்லவே இல்லை.

“பாப்பா பேர ரேடியோக்காரர் எப்படிச் சொன்னாரு?” என்று கேட்டாள் என் மனைவி. “நிறுத்திச் சொன்னாரா, வேகமாச் சொன்னாரா?”

“அது சரியா வெளங்கலக்கா. மழச் சத்தம்.”

அவள் தலையாட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பி, “பரவாயில்லைங்க, வாசிச்சாங்கள்ல” என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுத்த சனிக்கிழமை அதே கடைக்குப் போய் நின்றேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார். இன்னொரு ஸ்பீக்கரை எடுத்துக் கொடுத்து, அதன் மேல் அந்தப் பொட்டலத்தை வைத்தார். புதுப் பலகை போட்டு, நான்கு போல்ட்டையும் வாசர் வைத்து முடுக்கினேன். எந்த மழைக்கும் அது அசையவில்லை. இன்னொரு கார்டு போடச் சொல்லி எத்தனையோ தடவை சொன்னேன். “ஒரு தடவ வாசிச்சத மறுபடி வாசிப்பாங்களாங்க?” என்று சொல்லிவிட்டு, மற்றவர்களின் பெயர்களைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் அவளும் போய்விட்டாள்.

அந்தப் பெட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது. போல்ட்டுகள் துருவேறிவிட்டன, ஆனால் தளரவில்லை. ஆணி அடித்ததற்காக வெகுகாலம் என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது அதற்காக அல்ல. மகளின் பெயரை யாராவது வாய்விட்டுச் சொல்லிக் கேட்க வேண்டும், அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அந்த மழையில், அவளுக்குக் கையெட்டும் தூரத்தில், நான் உட்கார்ந்திருந்தேன். நான் சொல்லியிருக்கலாம்.