மெல்பனில் காற்று அடங்கக் காத்திருந்த வாரம்

சென்ற மாதம் இந்தத் தளத்தின் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய தகப்பனார் மெல்பனில் காலமாகிவிட்டார், அக்டோபரில் அஸ்தியைக் கடலில் கரைக்க வேண்டும், அந்த மாதத்தில் அங்கே காலநிலை எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தார். எனக்குத் தெரிந்த பதில் ஒரு வரியில் அடங்காது. 1978 அக்டோபரில் இதே காரியத்துக்காக நான் சிட்னியிலிருந்து மெல்பன் போய் ஒரு வாரம் தங்கினேன். அதை இதுவரை எங்கும் எழுதியதில்லை. முழுவதையும் எழுதிவிடுகிறேன். பயணத் தகவல் மட்டும் வேண்டியவர்கள் கடைசிப் பகுதிக்குப் போகலாம்.

சிவநேசனும் நானும் பேராதனையில் ஒரே அறையில் இருந்து பொறியியல் படித்தவர்கள். அவன் எனக்கு ஒரு வருடம் முன்னதாக ஆஸ்திரேலியா வந்து மெல்பனில் வேலை எடுத்தான். நான் சிட்னியில். செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, அலுவலகத்தில் வரைபடப் பலகைக்கு முன்னால் மாரடைப்பு வந்து இறந்துபோனான். வயது முப்பத்தாறு. பிள்ளைகள் இல்லை. மனைவி பவானிக்கு முப்பத்தொன்று. வெள்ளிக்கிழமை தகனம் என்று எனக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். லீவு கிடைக்கவில்லை என்று சொல்லி நான் போகவில்லை.

இரண்டு வாரம் கழித்து யாழ்ப்பாணத்திலிருந்து சிவநேசனுடைய மூத்த அண்ணரின் கடிதம் வந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி என்ற ஈமக்கிரியை. ஊரில் என்றால் சாம்பலைக் கீரிமலைக்குக் கொண்டுபோய்க் கடலில் கரைப்பார்கள். 'அந்த நாட்டில் எங்களுக்கு ஆண் உறவு ஒருவரும் இல்லை. நீர்தான் சகோதர முறையில் நின்று செய்துவைக்க வேண்டும்' என்று எழுதியிருந்தார். இந்த முறை நான் மேலாளரிடம் போய் நின்றேன். ஒரு வாரம் தந்தார்.

ஞாயிறு காலை ஒன்பதரை மணி விமானம். டிக்கெட் ஐம்பத்திரண்டு டாலர், பறக்கும் நேரம் ஒன்றேகால் மணி. சிட்னியில் நல்ல வெயில். மெல்பனில் இறங்கியபோதும் வெயில்தான், ஆனால் கம்பளிச் சட்டை தேவைப்பட்டது. விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு பஸ், அங்கிருந்து டான்டினோங் வரை ரயில், ஏறத்தாழ ஐம்பது நிமிடம். பிறகு ரோவிலுக்கு டாக்சி, பத்துக் கிலோமீட்டர். இன்றைக்கு ரோவிலில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அன்று டாக்சிக்காரர் ரோவில் என்றதும் திரும்பிப் பார்த்து, அங்கே மாடுகள்தானே இருக்கின்றன, யாரைப் பார்க்கப் போகிறாய் என்று கேட்டார். நண்பன் வீட்டுக்கு என்றேன். ஸ்டட் ரோட்டில் ஒரு பக்கம் மேய்ச்சல் நிலம், மறுபக்கம் புதிதாக வெட்டிய வீட்டு நிலங்கள். பவானியின் வீட்டுக்கு முன்னால் நடைபாதைகூடப் போட்டிருக்கவில்லை.

கதவைத் திறந்த பவானி, "வாங்கோ ராசன் அண்ணை, சாப்பிட்டனீங்களோ?" என்று மட்டும் கேட்டார். மெலிந்திருந்தார். சாம்பல் எங்கே என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். வீட்டுக்குள்ளே வைக்கக்கூடாது என்று ஊரிலிருந்து எழுதியிருந்ததால் கார் கராஜில் ஓர் அலமாரித் தட்டில் வைத்திருந்தார். தகனச்சாலையில் கொடுத்த மண்ணிறப் பெட்டி. தினமும் காலையில் அதற்குப் பக்கத்தில் ஒரு விளக்கு.

திங்கட்கிழமை வடக்கிலிருந்து சூடான காற்று. பத்து மணிக்கே இருபத்தொன்பது பாகை என்று வானொலியில் சொன்னார்கள். வெறும் நிலங்களிலிருந்து கிளம்பிய மண் யன்னல் விளிம்புகளில் படிந்தது. பவானி காரை எடுத்தார். சிவநேசன் பழக்கிவிட்டிருந்தான், அனுமதிப்பத்திரம் எடுத்து ஆறு மாதம்தான். தென்மேற்கே இருபது கிலோமீட்டர் ஓடி மோடியாலொக் என்ற கடற்கரை ஊருக்குப் போனோம். அங்கே ஓர் ஓடை கடலில் கலக்கிறது, அதன் கரையில் மீன்பிடி படகுகள் கட்டியிருக்கும். மூன்று பேரிடம் கேட்டோம். இரண்டு பேர் மறுத்தார்கள். மூன்றாமவர் நிக்கோ, கிரேக்கத் தீவொன்றிலிருந்து வந்தவர், ஐம்பது வயதிருக்கும். வலையை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தவர், யார் இறந்தது என்று விசாரித்தார். பவானி சொன்னதும் எழுந்து நின்று கையைத் துடைத்துக்கொண்டார். வியாழக்கிழமை காலை ஆறரைக்கு வரச் சொன்னார். இருபது டாலர். ஆனால் தென்மேற்குக் காற்று பலமாக இருந்தால் படகை அவிழ்க்கமாட்டேன், அதில் பேச்சில்லை என்றார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே காற்று நின்றது. பிறகு கடல் பக்கமிருந்து வேறொரு காற்று வந்தது. இருபது நிமிடத்தில் வெப்பம் பாதியாகக் குறைந்தது. காருக்குள் ஏறுவதற்குள் எனக்குப் பல் கிடுகிடுத்தது. நிக்கோ வானத்தைப் பார்த்து, இந்த மாதம் இப்படித்தான் என்றார்.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிவரை இளவெயில். பின்வேலியோரம் சிவநேசன் நட்ட பிளம் கன்று வெள்ளையாகப் பூத்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது மேற்கே கறுத்தது. பத்து நிமிடத்தில் ஆலங்கட்டி, நெல்லிக்காய் அளவில். கராஜின் தகரக் கூரையில் அது விழுந்த சத்தத்தில் பேச்சே கேட்கவில்லை. பவானி ஒரு துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு கராஜுக்கு ஓடினார். திரும்பி வரும்போது பெட்டியை நெஞ்சோடு அணைத்திருந்தார். குசினி மேசையில் வைத்துத் துவாயால் துடைத்தார்.

"இதுக்கை அவரைத் தனிய விட ஏலாது அண்ணை. ஆர் என்ன சொன்னாலும் சரி."

 இருவரும் மேசையின் இரு பக்கமும் கதிரைகளில் இருந்தோம். சத்தம் அடங்கியபின், பெட்டியைப் பார்த்தபடியே பவானி கேட்டார்.

"செத்தவீட்டுக்கு லீவு தரேல்லை எண்டு சொன்னனீங்கள். உண்மையாத் தரேல்லையோ?"

ஒரு மாதமாக நான் பயந்திருந்த கேள்வி அதுதான். வேலையில் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது, இன்னும் நிரந்தரமாக்கவில்லை. கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று மேலாளரின் அறை வாசல்வரை போய்த் திரும்பி வந்தவன் நான்.

"நான் கேக்கவே இல்லை, பவானி," என்றேன்.

அவர் தலையசைத்தார். "அவர் எண்டால் கேட்டிருப்பார்," என்றார். குரலில் கோபம் இல்லை. எழுந்து தேநீருக்குத் தண்ணீர் வைத்தார். எனக்கும் சேர்த்துத்தான் வைத்தார். அந்தக் கோப்பையைக் குடித்து முடிக்க எனக்கு நெடுநேரம் ஆனது.

புதன் காலை எதிர்வீடு தெரியாத மூடுபனி. பதினொரு மணிக்கு விலகி, நீலமான வானம். பால் வாங்க அறுநூறு மீட்டர் நடந்து கடைக்குப் போனேன். வழியில் மக்பை என்ற கறுப்பு வெள்ளைப் பறவை ஒன்று இரண்டு தடவை தலையில் கொத்த வந்தது. வசந்தத்தில் கூட்டருகே போகிறவர்களை அது விடாது. (குடை பிடித்துப் போங்கள். வெயிலாக இருந்தாலும்.) வீட்டுக்கு வந்தபோது பவானி எள், அரிசி, பூ எல்லாவற்றையும் தனித்தனியே எடுத்து வைத்திருந்தார். அப்போது மெல்பனில் கோயிலும் இல்லை, ஐயரும் இல்லை. அண்ணர் எழுதி அனுப்பிய முறையை நான் வாசித்துச் சொன்னேன். பெண்கள் வீட்டிலேயே நிற்பது என்ற இடம் வந்ததும் பவானி நிறுத்தினார்.

"அத்தான் எழுதினதை நானும் வாசிச்சனான். பெட்டியைத் தூக்கிறது நான். படகிலை போறதும் நான். நீங்கள் வாறதெண்டால் வாங்கோ."

"ஊரிலை என்ன சொல்லுவினம், பவானி? எனக்கெல்லோ எழுதினவர்."

"அவரை ஆசுப்பத்திரியிலை தனிய அடையாளம் காட்டினது நான். நெருப்புக்குக் குடுக்கேக்கையும் தனிய நிண்டனான். அப்ப ஒருத்தரும் முறை சொல்ல வரேல்லை."

 உண்மையைச் சொன்னால், என் மனம் தயங்கியது ஊருக்காக அல்ல. வராமல் விட்ட பிழையை இந்தக் காரியத்தைச் செய்து கழித்துவிடலாம் என்று ஒரு கணக்கோடுதான் நான் விமானம் ஏறியிருந்தேன். அது நடக்காது என்று அந்த மேசையில் விளங்கியது. அண்ணரின் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

வியாழன் முப்பத்தோராம் நாள். ஐந்தரை மணிக்கே யன்னல்கள் அதிர்ந்தன. ஆனாலும் போனோம். ஸ்பிரிங்வேல் ரோட்டில் குப்பைத் தொட்டிகள் உருண்டு கிடந்தன. மோடியாலொக்கில் கடலுக்குள் நீளும் இறங்குதுறைப் பாலத்துக்கு மேலாக அலை எறிந்தது. மழைக்கோட்டோடு நின்ற நிக்கோ எங்களைக் கண்டதும் கையை விரித்தார். காற்று அடங்கினால் அழைப்பதாகச் சொல்லி வீட்டுத் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டார்.

நாள் தவறக்கூடாது, பாலத்தின் நுனியில் நின்றே கரைத்துவிடலாமா என்று பவானியிடம் கேட்டேன். அவர் மறுத்தார்.

"காத்துக் கரைக்குத்தான் அடிக்குது. அவரை எங்கடை முகத்திலையே திருப்பி எறியும். வேண்டாம் அண்ணை, பொறுத்துச் செய்வம்."

வீட்டுக்குத் திரும்பி, பெட்டிக்கு முன்னால் விளக்கேற்றி, மரக்கறிச் சமையல் படைத்தோம். பக்கத்து வீட்டு ஜோன் வந்து எங்களோடு நிலத்தில் சம்மணமிட்டு இருந்து கையால் சாப்பிட்டார். இந்த ஒரு மாதமும் பவானியை மருத்துவரிடமும் வங்கிக்கும் கூட்டிப்போனவர் அவர்தான் என்று அன்றுதான் அறிந்தேன்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை தொடங்கி இருட்டும்வரை விடாத மழை. எனது விமானம் அன்று மாலை ஐந்து மணிக்கு. காலையில் விமான நிறுவனத்துக்கு அழைத்து டிக்கெட்டை ஞாயிறுக்கு மாற்றினேன். நீங்கள் போங்கோ, நான் பார்த்துக்கொள்வேன் என்று பவானி சொன்னார். ஞாயிறும் காற்றடித்தால் திங்களும் நிற்பேன் என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். வந்த நாளிலிருந்து முகத்தை நேரே பார்த்தது அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை ஐந்தரைக்கு நிக்கோ தொலைபேசியில் அழைத்தார். உடனே வாருங்கள், ஒன்பது மணிவரைதான் இப்படி இருக்கும் என்றார். வெளியே புல்லில் உறைபனி. காரின் கண்ணாடியை வெந்நீர் ஊற்றித் துடைத்தோம். ஆறரைக்குக் குடாக்கடல் ஓர் அசைவும் இல்லாமல் கிடந்தது. பவானி வெள்ளைச் சேலைக்கு மேல் சிவநேசனின் நீலக் குளிர்கோட்டைப் போட்டிருந்தார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு படகின் நடுப்பலகையில் இருந்தார். ஒன்றரைக் கிலோமீட்டர் போனதும் நிக்கோ இயந்திரத்தை நிறுத்தித் தொப்பியைக் கழற்றினார்.

எள்ளும் அரிசியும் முதலில். எனக்குப் பாடமான பதிகம் ஒன்றைப் பாடினேன்.  பவானி பெட்டியைத் திறந்துகொண்டு ஓரத்துக்கு வந்து முழங்காலில் நின்றார். படகு ஒரு பக்கம் சரிந்தது.

"பிடிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை."

அவர் கோட்டின் இடுப்புப் பட்டியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். தண்ணீரோடு கை படும் உயரத்தில் மெல்லச் சாய்த்தார். சாம்பல் வெளிறிய புகைபோலத் தண்ணீருக்குள் விரிந்து இறங்கியது. பெட்டியைக் கடல்நீரால் மூன்று முறை அலசினார். பிறகு பிளம் பூக்களைத் தூவினார். அதுவரை அழாதவர், பூக்கள் படகை விட்டு விலகத் தொடங்கியதும் அழுதார். நான் பட்டியை விடவில்லை. கரைக்கு வரும்வரை பிடித்திருந்தேன் என்று நிக்கோ சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. அவர் காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஞாயிறு விமானத்தில் இருந்தே அண்ணருக்குக் கடிதம் எழுதினேன். முப்பத்திரண்டு தாண்டி முப்பத்துமூன்றாம் நாள் நடந்தது, பவானி செய்தார், நான் கூட நின்றேன், தகனத்துக்கு நான் வராதது என் பிழை, எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதினேன். பதில் எட்டு மாதம் வரவில்லை. வந்தபோது இரண்டே வரி: 'தம்பி தனியப் போகவில்லை என்று அறிந்தது போதும். பவானியைச் சுகம் கேட்டதாகச் சொல்லும்.'

இனிப் பயணத் தகவல்கள். செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் நடுப்பகுதிவரை மெல்பனில் ஒரே நாளில் வெயில், மழை, குளிர் மூன்றும் வரும். கம்பளிச் சட்டை, மழைக்கோட்டு, மெல்லிய சட்டை மூன்றையும் ஒரே பையில் வைத்திருங்கள். அஸ்தி கரைக்க நாள் குறித்தால், அதற்குப் பின்னால் மூன்று நாளாவது கையில் வைத்துக்கொண்டு டிக்கெட் எடுங்கள். விடியற்காலையில்தான் கடல் பெரும்பாலும் அமைதி. வடக்குக் காற்று பலத்தால், பின்னால் தென்மேற்குக் காற்று வருகிறது என்று அர்த்தம். பூக்களை நாரோ நூலோ இல்லாமல் உதிரியாகக் கொண்டுபோங்கள். இப்போது படகு எடுப்பதற்கு முன் அந்த ஊர் நகரசபையிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

உறவுக்காரர் இல்லாமல் தனியாக நிற்கிறீர்கள் என்றால் எனக்கு எழுதுங்கள், பவானியிடம் சொல்லிவிடுகிறேன். அவர் மெல்பனிலேயே தங்கிவிட்டார். 1980இல் இன்னொரு இளம்பெண்ணின் கணவர் தவறியபோது, யாரோ சொல்லி அந்தப் பெண் பவானிக்குத் தொலைபேசி எடுத்தார். அடுத்த சனிக்கிழமை இருவருமாகக் கடலுக்குப் போனார்கள். அதன்பிறகு எத்தனை தடவை போனார் என்று சென்ற வாரம் கேட்டேன். எண்ணவில்லை என்றார். இப்போது முழங்கால் வலி, படகில் ஏறுவதில்லை. விடிய ஐந்தரைக்கு எழும்பிக் காற்றுப் பார்த்துச் சொல்வதையும், கரையில் சூடான தேநீரோடு நிற்பதையும் இன்னும் விடவில்லை.