ஏழு கடைகளில் ஏழு நூல்

2025 ஆகஸ்ட் 12, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். தண்ணீர் பிடித்து வைத்தேன். ஆறே காலுக்குக் காபி. முந்தைய நாள் நாட்குறிப்பைப் படித்து ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தினேன். ஏழு பத்துக்குக் கம்பத்தில் தேனி பஸ் ஏறினேன். பையில் குடை, கண்ணாடி, ஏழு கடைகளின் பட்டியல்.

சென்னையில் உள்ள ஒரு காமிக்ஸ் பதிப்பகத்துக்கு நான் கதை எழுதுகிறேன். இருபத்திரண்டு வருடம் பிறர் உருவாக்கிய பாத்திரங்களுக்கு எழுதியபின், எனக்கென்று ஒரு நாயகி கிடைத்தாள். பறப்பாள், மலையைத் தாங்குவாள். ஐந்து இதழ்கள் வந்துவிட்டன. தேனி பஸ் ஸ்டாண்டில் ஆளுயர அட்டையாக நிற்கிறாள். மினி பஸ்களின் முதுகில் பறக்கிறாள். பிள்ளைகளின் டிபன் பாக்ஸ் மூடியில், ‘தோல்வி அறியாதவள்’ என்ற எழுத்துக்கு மேல் சிரிக்கிறாள். யாரைக் கேட்டாலும் அவளைத் தெரியும். படித்தவரைத்தான் காணோம்.

பதிப்பாசிரியர் போன வாரமே சொல்லிவிட்டார். “செவ்வாய்க்கிழமை சாயங்காலம் முடிவு பண்ணணும் சார். ஆறாவது இதழ் உண்டா, இதோட நிறுத்துறதா? உங்க ஊர்ல யாராவது பாதிக்கு மேல படிக்கிறாங்களா, அதை மட்டும் சொல்லுங்க.” ஐம்பத்திரண்டு வயதில் இன்னொரு நாயகியை எனக்கு யாரும் தரப்போவதில்லை.

அதற்கு ஒரு வழி முன்பே செய்திருந்தேன். ஆட்கள் காத்திருக்கிற ஏழு கடைகளில், பதினைந்து நாட்களுக்கு முன் கடைக்கு ஒரு பிரதியாக ஐந்தாம் இதழை வைத்தேன். பாதியைத் தாண்டிய பதினாறாம் பக்கத்தின் உள்மடிப்பில் விரல் நீள வெள்ளை நூல் ஒன்று. அந்தப் பக்கம்வரை வந்தவர் விரித்ததும் நூல் நழுவிக் கீழே விழும். நூலைப் பற்றிப் பதிப்பாசிரியரிடம் மட்டும் சொன்னேன், கடைக்காரர்களிடம் சொல்லவில்லை.

தேனியில் நான்கு கடைகள். நான்கிலும் நூல் வைத்தபடியே இருந்தது. குறித்துக்கொண்டேன். பதினொன்றரைக்குச் சின்னமனூர். அங்கே ஒரு டீக்கடையில் பிரதியின் மேல் கிளாஸ் வைத்த வட்டம் மூன்று. உள்ளே நூல் பத்திரமாக இருந்தது. அடுத்தது சலூன். முடிவெட்டுகிறவர் கத்தரியை நிறுத்தாமல் பேசினார்.

“நானே சொல்லணும்னு இருந்தேன் சார். மத்த புஸ்தகத்தத் தொறந்தா பக்கத்துக்குப் பக்கம் முடி கொட்டுது. ஒங்களுதுல ஒரு முடி கெடையாது. அம்புட்டுச் சுத்தம்.”

நாற்காலியில் இருந்தவர் துண்டுக்குள்ளிருந்து சிரித்தார். “அந்தப் புள்ள மேலதான் தூசியே ஒட்டாதாமுல்ல!”

பதினாறாம் பக்கத்தைத் திறந்தேன். நூல் வைத்தபடியே இருந்தது.

மூன்று நாற்பதுக்குக் கம்பத்தில் கடைசிக் கடை, பெண்களுக்குத் தைக்கும் தையற்கடை. பிரதியின் முனைகள் மடங்கியிருந்தன. பதினாறாம் பக்கத்தைத் திறந்தேன். நூல் இல்லை. இரண்டு முறை பார்த்தேன். பக்கத்துப் பக்கங்களையும் பார்த்தேன். இல்லை.

“யாரும்மா இதப் படிச்சாக?” பிரதியைத் தூக்கிக் காட்டினேன்.

தைக்கிற அம்மா மிஷினிலிருந்து நிமிர்ந்தார். “நாந்தாண்ணே பொரட்டுனேன். மூணு பக்கம்.”

“நடுவுல ஒரு நூல் இருந்துச்சே?”

“மேல தொங்குச்சு, பிடுங்கிப் போட்டேன். நூல் தொங்குனா எங்க கை சும்மா இருக்குமா?”

தையற்கடையில் நூலை அடையாளமாக வைத்தவன் நான். வேறு எதையாவது வைத்திருக்கலாம். ஒரு வேப்பிலை போதும்.

ரவிக்கை பிரிக்கக் கொடுத்துவிட்டு ஒரு பெண் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். மலைக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை. அன்று விடியலில் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பைத் தவறவிட்டதால் இங்கே இருக்கிறாள் என்று தைக்கிற அம்மா சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள்.

“இத எழுதுறவுக நீங்கதானா? நானும் பாத்தேன். மூணாம் பக்கத்துல தூக்குச்சட்டியோட ஒருத்தி ஓடியாறா. ஜீப்பு போயிருது. அடுத்த பக்கத்துல ஒங்க புள்ள பறந்து வந்து மலையத் தாங்குறா. ஜீப்ப விட்டவ என்ன ஆனா?”

“அவ கதையில அவ்வளவுதாம்மா. கூட்டத்துல ஒருத்தி.”

“அப்ப நான் எதுக்கு மேக்கொண்டு படிக்க?”

தைக்கிற அம்மா விடவில்லை. “அந்தப் பறக்குறவ டிப்பன் பாக்ஸுலயே ஜெயிச்சிட்டாளேண்ணே. அங்கன ஜெயிச்சவள இங்கன வேற வந்து பாக்கணுமா?”

என் குறிப்பேட்டில் நாயகியின் உயரம், கண்ணின் நிறம், மேலங்கியின் மடிப்புகள், பறக்கும் வேகம் எல்லாம் உண்டு. ஐந்து இதழ்களில் ஒரு முரண் கிடையாது. அது என் பெருமை. தூக்குச்சட்டிக்காரிக்கு ஒரு வரிகூட இல்லை.

“காலையில ஜீப்பு போனதும் நீ என்னம்மா செஞ்ச?” என்று கேட்டேன்.

“இப்பத்தான் கேக்கணும்னு தோணுதாக்கும்!” அவள் பிரித்த ரவிக்கையை வாங்கிக்கொண்டு எழுந்தாள். “நாளைக்கு வெள்ளன அஞ்சு மணிக்கு ஜீப்பு நிக்கிற எடத்துக்கு வாங்க. தெனம் யாராச்சும் ஒருத்தி விட்டுட்டு நிப்பா. அவள நேர்ல பாத்துட்டு எழுதுங்க.”

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பதிப்பாசிரியரின் அழைப்பு வந்தது.

“என்ன சார் ஆச்சு?”

“ஏழில் ஒன்றில் நூல் இல்லை” என்றேன். உண்மைதான்.

“அப்பாடா. ஒருத்தராவது தாண்டியிருக்காங்க. சரி, ஆறாவது போடுவோம். அதுவும் போகலைன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. வெள்ளிக்கிழமை கதை வேணும்.”

“இந்தத் தடவை நாயகி ஒரு இடத்துக்கு நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை என்று வைத்தால்?”

“மூடியில தோல்வி அறியாதவள்னு அச்சடிச்சாச்சு சார்.” போனை வைத்துவிட்டார்.

நூலைப் பிடுங்கியது யார் என்று நான் சொல்லவில்லை. நாட்குறிப்பில் மட்டும் எழுதினேன்: ‘பதினாறாம் பக்கம்வரை வந்தவர் யாருமில்லை. மறைத்தேன்.’ கடைசிச் சொல்லை அடிக்கப் பேனாவை வைத்து, எடுத்துவிட்டேன்.

13, புதன்கிழமை. தண்ணீர் பிடிக்கவில்லை, காபி போடவில்லை. ஐந்து மணிக்கு முன்பே ஜீப்புகள் நிற்கும் இடத்தில் இருந்தேன். கடைசி ஜீப் கிளம்பி வளைவில் மறைந்த பிறகு, தூக்குச்சட்டியோடு ஒரு பெண் ஓடி வந்தாள். ஜீப் போன திசையை அவள் பார்க்கவே இல்லை. சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கொண்டையை அவிழ்த்து இறுக்கி முடிந்தாள். அருகில் போய், “அடுத்து என்ன செய்வீங்க?” என்று கேட்டேன்.