கிரீன் கறிக்கு எந்த ஒயின்?

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் என் வீட்டுக்காரர் ஒரு பாட்டில் ஒயின் ஆர்டர் செய்தார்.

இந்தப் பத்தியை வாரா வாரம் படிப்பவர்களுக்கு அவரைத் தெரியும். பெயர் ஏழுமலை. அரசு அலுவலகத்தில் சூப்பரின்டெண்ட். கல்யாண வீட்டில் பன்னீர் சோடா கொடுத்தால்கூட மோந்து பார்த்துவிட்டுக் குடிக்கிற மனிதர். அவர் ஒயின் ஆர்டர் செய்தார் என்றால் விஷயம் சாதாரணமாக இருக்குமா?

புதுச்சேரியில் இருந்துகொண்டு ஒயின் தெரியாதா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். என்ன செய்வது... சனி, ஞாயிறு ஆனால் மற்ற ஊர்க்காரர்கள் பஸ் பிடித்து வந்து குடிக்கிற ஊர் இது. நாங்கள் மூலக்குளத்தில் கேட்டைச் சாத்திக்கொண்டு காபி குடிக்கிறோம்.

கதை இதுதான். எங்கள் மகன் பிரபு ஒரு பெண்ணைக் காதலிக்கிறான். செலின் என்று பெயர். இருவருக்கும் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை — அவன் லேபில், அவள் பிசியோதெரபியில். அவளுடைய அப்பா பெயர் அந்துவான். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். குருசுக்குப்பத்தில் வீடு. மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறது. அந்தத் தெருவே அவரை ‘முசே’ என்றுதான் கூப்பிடும். ஐயா, சார் என்கிற மாதிரி எங்கள் ஊரில் இன்னும் புழங்குகிற பிரெஞ்சு மரியாதை.

இரண்டு குடும்பமும் முதல் முறையாகச் சந்திக்க வேண்டும். எங்கே? அவர்கள் வீட்டுக்குப் போனால் பெண் பார்க்கப் போன மாதிரி ஆகிவிடும். அவர்கள் இங்கே வந்தால் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த மாதிரி ஆகிவிடும். பிள்ளைகளே பொதுவான இடம் ஒன்றைப் பிடித்தார்கள். கடற்கரைப் பக்கம் இருக்கிற தாய் ரெஸ்டாரென்ட்.

“யாரோட தாய்?” என்றார் என் வீட்டுக்காரர்.

“தாய்லாந்துப்பா...”

நான் ஒரு நிபந்தனை போட்டேன். ‘சம்பந்தி’ என்ற வார்த்தையை யாரும் எடுக்கக் கூடாது. பார்க்கிறோம், பேசுகிறோம், சாப்பிடுகிறோம். அவ்வளவுதான்.

உங்களிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? எனக்கு இதில் மனசில்லை. செலின் நல்ல பெண்தான். ஆனால் ஒயின் குடிக்கிற வீடு, சர்ச், நடுநடுவே பிரெஞ்சு... இதற்குள் நான் எந்த நாற்காலியில் போய் உட்காருவேன்? குறை கண்டுபிடிக்கத்தான் கிளம்பினேன். கிடைத்துவிட்டால் சொல்ல ஒரு வசனமும் தயார்: ‘எதுக்கும் ஜாதகம் பார்த்துடலாம்.’ ஜாதகமே எழுதாத வீட்டில் ஜாதகம் கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும் இல்லையா?

வீட்டுக்காரருக்கு வேறு கவலை. “பிரான்ஸ்ல இருந்தவரு. நம்மள ஒண்ணும் தெரியாதவங்கன்னு நெனைச்சுடக் கூடாது” என்று இரண்டு வாரமாக போனில் ஒயின் வீடியோ பார்த்தார். ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் மோர் டம்ளரைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

“இன்னாங்க பண்றீங்க?”

“சுத்தறேன். சுத்தனாதான் வாசன மேல வருமாம்.”

“மோர்ல பெருங்காய வாசனதாங்க வரும்.”

அவர் காதில் வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனோம். வாசலிலேயே கூட்டம். முசே அந்துவான் எங்களுக்கு முன்னாலேயே வந்து இடம் பிடித்து வைத்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நேரான முதுகு. எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். “போன்ழூர் மதாம்... வாங்க, உக்காருங்க” என்று எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். முப்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் எனக்கு யாரும் நாற்காலி இழுத்துப் போட்டதில்லை. ஆனாலும் மனசை இளகவிடவில்லை.

மெனு கார்டு ஒரு பாடப்புத்தகம் கனம் இருந்தது. செலின் என் பக்கமாகச் சாய்ந்தாள்.

“ஆன்ட்டி, உங்களுக்குப் புளிப்பு புடிக்குமா, காரம் புடிக்குமா?”

“புளிப்பும்மா.”

எனக்கு டாம் யம் சூப்பும் பப்பாளிக்காய் சாலடும் சொன்னாள். நடுவில் வைத்து எல்லோரும் எடுத்துக்கொள்ள பாட் தாய் என்கிற நூடுல்ஸ். அப்புறம் அந்தக் கடையில் பேர்போன சிக்கன் கிரீன் கறியும் வெள்ளைச் சோறும். இதுவரை சுமுகம்.

அடுத்து ஒயின் கார்டு வந்தது. பிரபு கையை நீட்டுவதற்குள் அவன் அப்பா அதைப் பிடுங்கிக்கொண்டார்.

“நான் சொல்றேன். கறின்னா கனமான அயிட்டம். கனமான அயிட்டத்துக்கு ரெட்டுதான் சேரும். அதுலயும் நல்லா கெட்டியான ரெட்டு.” கார்டில் விரலை வைத்தார். “இது.”

பிரபு வாயைப் பிளந்தான். ஆர்டர் எடுக்க நின்ற வெயிட்டர் நரைத்த மீசைக்காரர், அனுபவஸ்தர். “சார், நம்ம கிரீன் கறி கொஞ்சம் காரம் ஜாஸ்தி. அதுக்கு இந்த ரெட்டு...” என்று இழுத்தார்.

அப்போது முசே அந்துவானின் வலது கை மேஜையை விட்டு ஓர் அங்குலம் உயர்ந்தது. உள்ளங்கை வெயிட்டரைப் பார்த்து. அவ்வளவுதான். வெயிட்டர் நிறுத்திக்கொண்டார்.

“நல்ல செலக்‌ஷன், முசே ஏழுமலை. அதையே கொண்டாங்க” என்றார் முசே.

நான் பார்த்துவிட்டேன். ஓ... எது வந்தாலும் சரி, சீக்கிரம் வந்தால் போதும். குடிக்க அவ்வளவு அவசரம்! குறை நம்பர் ஒன்று என்று மனசுக்குள் எழுதிக்கொண்டேன்.

ஒயின் வந்தது. என் வீட்டுக்காரர் கிளாஸைச் சுழற்றினார். மேஜை விரிப்பில் இரண்டு சொட்டு. மோந்தார். குடித்தார். முகத்தில் கஷாயம் குடித்த களை. “பிரமாதம்” என்றார்.

கிரீன் கறி வந்தது. தேங்காய்ப்பாலும் துளசி மாதிரி ஒரு வாசனையும். முதல் வாய் தித்திப்பாகத்தான் இருந்தது. நாலு நொடி கழித்துத்தான் காரம் கிளம்பியது. சாதாரணக் காரம் இல்லை... காது வழியாக வெளியே போகிற காரம். அதை அணைக்க அவர் ஒயினைக் குடிக்க, ஒயின் அதை இன்னும் பற்றவைக்க, பற்றியதை அணைக்க இன்னொரு வாய் ஒயின்.

இவர் ஒரு வாய் குடித்தால் முசே ஒரு வாய் குடித்தார். இவர் கர்ச்சீப்பை எடுத்தால் அவரும் எடுத்தார். இரண்டு பேர் நெற்றியிலும் முத்து முத்தாக வியர்வை.

“எப்டி இருக்கு முசே?”

“ரொம்ப நல்லாருக்கு.”

செலின் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். “பப்பா, உனக்குத்தான் டாக்டரு...” என்று ஆரம்பித்தாள். அவர் பிரெஞ்சில் ஏதோ ஒரு வார்த்தை சொன்னார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சாப்பாட்டு மேஜையில் ரகசியம் வேறா? குறை நம்பர் இரண்டு.

அந்த நேரத்தில்தான் என் வீட்டுக்காரர், பீன்ஸ் துண்டு என்று நினைத்து ஒரு முழுப் பச்சை மிளகாயைக் கடித்தார்.

சுண்டுவிரலில் பாதிகூட இல்லாத மிளகாய். மனிதர் அப்படியே உறைந்து போனார். கண்ணில் தண்ணீர். மூக்கில் தண்ணீர். தண்ணீர் டம்ளர் மட்டும் மேஜையின் அந்தக் கோடியில். கையை நீட்டிக் கத்தினார் —

“சம்பந்தி... தண்ணி!”

பிரபுவின் ஸ்பூன் பாதி வழியில் நின்றது. செலின் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

முசே மட்டும் கலங்கவில்லை. “தண்ணி வேணாம் சம்பந்தி! இன்னும் எரியும். சோத்தப் போடுங்க வாயில” என்று சொல்லிக்கொண்டே ஸ்பூனை வைத்துவிட்டு, தன் தட்டில் இருந்த வெள்ளைச் சோற்றைக் கையால் உருட்டி அவர் கையில் வைத்தார். “மெல்லுங்க. முழுங்காதீங்க, மெல்லுங்க.”

இரண்டு உருண்டை போன பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. பிரபு அவரை முகம் கழுவ அழைத்துப் போனான். செலின் ஐஸ்கிரீம் கேட்க ஓடினாள். மேஜையில் நானும் முசேவும் மட்டும். கூடவே விரிப்பைத் துடைக்க வந்த மீசைக்கார வெயிட்டர்.

“நான் அப்பவே சொல்ல வந்தேன் மேடம். காரத்துக்கு இந்த ரெட்டு ஆவாது. லேசா இனிப்பு இருக்கற ஒயிட்டுதான் சேரும். சாருதான் பேசாதன்னு கை காட்டிட்டாரு.”

நான் முசேவைப் பார்த்தேன்.

“உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும் மதாம்.”

“செலின் என்னமோ டாக்டருன்னுச்சே?”

“அது... வயித்துல புண்ணு. ஒயினு தொட்டு ரெண்டு வருஷம் ஆச்சு.” சங்கடமாகச் சிரித்தார்.

“அப்புறம் ஏங்க குடிச்சீங்க?”

அவர் நாப்கினை நான்காக மடித்தார். “அவரு ஆசையா படிச்சுட்டு வந்து சொல்றாரு. புள்ள பக்கத்துல உக்காந்திருக்கான். அங்க போயி நான் தப்புன்னு சொல்றதா? பட்டாளத்துல மொத நாளு, கத்தியும் முள்ளும் எந்தக் கையில புடிக்கறதுன்னு எனக்குத் தெரியல மதாம். மேஜையே சிரிச்சுது. நாப்பது வருஷம் ஆவப்போவுது. இன்னும் காதுல கேக்குது.”

எனக்கு மிளகாய் கடிக்காமலேயே முகம் எரிந்தது. குறை என்று எழுதி வைத்த இரண்டும் என் வீட்டுக்காரருக்காக அவர் பட்ட பாடு.

அவர் தயங்கித் தயங்கிப் பேசினார். “எம் பொண்ணு தாயில்லாம நின்ன பொண்ணு. உங்க வீட்டுப் பழக்கம் ஒண்ணும் தெரியாது. கோலம் போட வராது. சாம்பார்ல புளிய அள்ளிக் கொட்டுவா. நாலு பேரு இருக்கறப்ப எதனா தப்பா பண்ணிட்டான்னா...”

முடிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது காரத்தால் வந்த கண்ணீர் இல்லை என்று எனக்குத் தெரியும்.

“யாராச்சும் வாயத் தொறந்தா நானும் கைய காட்டி நிறுத்திடறேண்ணே” என்றேன்.

அண்ணே என்று எப்படி வந்தது? யோசிக்கவே இல்லை. ஜாதகம் பற்றி நான் பேசவும் இல்லை.

வீட்டுக்காரர் சிவந்த கண்ணோடு திரும்பி வந்தார். என் காதருகே குனிந்து, “தெரியாம அந்த வார்த்த வந்துடுச்சு விஜயா. வாபஸ் வாங்கிடட்டா?” என்றார்.

“வேணாம். இருக்கட்டும்.”

வெயிட்டரைக் கூப்பிட்டு, இந்தச் சாப்பாட்டுக்கு எது சேருமோ நீங்களே கொண்டுவாங்க என்றேன். ஜில்லென்று ஒரு வெள்ளை ஒயின் கொண்டுவந்து ஊற்றினார். நானும் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன் — ஆமாம், நான்தான்! திராட்சைச் சாற்றில் எலுமிச்சை பிழிந்த மாதிரி இருந்தது. கறியோடு சேர்ந்தால் நன்றாகவே இருக்கிறது. அண்ணனுக்கு மட்டும் ஒயின் கிடையாது, தேங்காய் ஐஸ்கிரீம்தான் என்று நானும் செலினும் சேர்ந்து உத்தரவு போட்டோம்.

சர்ச்சா, மண்டபமா என்பது இன்னும் முடிவாகவில்லை. அன்றைக்கே ஒருமுறை குரல் உயர்ந்தது. உயரட்டும்... கல்யாணம் என்றால் அதுகூட இல்லாமலா?

சம்பந்தம் பேசப் போகிறவர்கள் எத்தனையோ விசாரிக்கிறோம். சம்பளம், சொந்த வீடு, கெட்ட பழக்கம். பக்கத்தில் ஒருவர் தப்பு செய்யும்போது அந்த வீட்டு மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை யாராவது விசாரித்தோமா? அதை ஒரே ஒரு சாப்பாட்டில் பார்த்துவிடலாம்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் வில்லியனூரில் இருந்து என் நாத்தனார் போன். தகவல் எப்படித்தான் போகிறதோ.

“ஏண்டி விஜயா... பொண்ணோட அப்பா ஒயினெல்லாம் குடிப்பாராமே?”

“குடிப்பாரு அண்ணி. புடிக்கலன்னாலும் மூஞ்சி சுளிக்காம குடிப்பாரு.”