களை பிடுங்கப் போட்ட வேட்டை உடுப்பு

“எதை வேட்டையாடுவாய்?” என்று கடைக்காரர் கேட்டார். “புல்லு” என்றேன். அவர் சிரிக்கவில்லை. என் இடுப்பை அளந்துவிட்டு, புல்லுக்கென்று தனியாக ஒன்றும் இல்லை, மானுக்குத் தைத்ததுதான் இருக்கிறது என்றார்.

நான் சொன்னது உண்மை. சிட்னியின் மேற்கில், டூங்கபி, பிளாக்டவுன் பக்கத்து ஓடைக்கரைகளில் களை பிடுங்குவதுதான் என் வேலை. ஆறு பேர் கொண்ட குழு. வெளியில் இருந்து வந்து, உள்ளூர்ச் செடிகளை அமுக்கிவிட்டுத் தாங்களே காடாகி நிற்கிற செடிகளை வேரோடு எடுப்போம். “வெளியில இருந்து வந்ததைப் பிடுங்க வெளியில இருந்து வந்தவனையே வச்சிருக்காங்க பாருங்கண்ணே” என்று குழுவில் இருக்கிற மதுரைக்காரத் தம்பி சொல்வான். முதல் தடவை சிரித்தேன். நாலு வருசமாக அதையே சொல்கிறான்.

இதில் இரண்டு செடிகள் பொல்லாதவை. ஒன்று லன்டானா, ஊரில் நாங்கள் நாயுண்ணி என்பது. மற்றது பிளாக்பெரி. பழத்தைச் சூப்பர்மார்க்கெட்டில் மட்டும் பார்த்தவர்கள் அதை நல்ல செடி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதன் முள் பின்பக்கம் வளைந்தது. உள்ளே போகும்போது விடும், வெளியே வரும்போது பிடிக்கும். பருத்திக் காற்சட்டை ஒன்று இரண்டு மாதம் தாங்கும். மழையில் நனைந்தால் காலில் மண் மூட்டை கட்டினது போல இருக்கும். மூன்றாவது காற்சட்டையும் தொடையில் கிழிந்த அன்று எங்கள் மேற்பார்வையாளர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் வெள்ளைக்காரர், லீவு கிடைத்தால் மலைக்கு மான் சுடப் போகிறவர். வேட்டை உடுப்பு வாங்கு, பாரம் இல்லை, முள்ளுக்குக் கிழியாது, கெதியாய்க் காயும் என்றார்.

அப்படித்தான் அந்தக் கடைக்குப் போனேன். ஜக்கெற்றும் காற்சட்டையும் சேர்ந்து குளித்துத் துடைத்த ஒரு ஈரத் துவாயின் பாரம்தான் இருந்தன. முழங்காலில் தடிப்பான துண்டு, கக்கத்தில் காற்றுப் போக இழுத்துத் திறக்கிற ஒரு சிப். நடக்கும்போது துணி உரசினாலும் சத்தம் வராது, மானுக்குக் கேட்காது என்று கடைக்காரர் சொன்னார். பிளாக்பெரிக்குக் காது இல்லை. இருந்தாலும் நல்லதுதானே என்று நினைத்தேன்.

நிறம்தான் பிரச்சினை. வெறும் பச்சை முழு விலை. பச்சை, மண்ணிறம், கறுப்பு என்று திட்டுத் திட்டாகப் போட்டது அரை விலை. நான் யாழ்ப்பாணத்தான். எதை வாங்கினேன் என்று சொல்லத் தேவையில்லை.

வீட்டுக்கு வந்து போட்டுக் காட்டினேன். குசினியில் பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்த மனைவி திரும்பிப் பார்த்தாள். அடுப்பை நிற்பாட்டினாள்.

“உதென்ன கோலம்?”

“வேலைக்கப்பா. மான் வேட்டை உடுப்பு.”

“ஆமியின்ரை உடுப்பு.”

“சீச்சீ. லேபிளைப் பாரும், மான் படம் போட்டிருக்கு.”

“மான் படம் போட்டால்? எனக்கு உதைக் கண்டால் சைக்கிளாலை இறங்கவேணும் போல கிடக்கு. கழட்டுங்கோ முதல்ல.”

எங்கள் வயதுக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஊரில் சண்டைக் காலத்தில் சென்றி வந்தால், அதாவது ஆமிக்காரர் மணல் மூட்டை அடுக்கி நிற்கிற இடம் வந்தால், சைக்கிளால் இறங்கி, அதை உருட்டிக்கொண்டு போய், அடையாள அட்டையை எடுத்துக் காட்ட வேண்டும். நாங்கள் அதை ஐசி என்போம். போகும்போது ஒருதரம், வரும்போது ஒருதரம். அவள் அப்படித்தான் படித்து முடித்தாள். நானும் அப்படித்தான். ஆனால் நான் அதையெல்லாம் கொழும்பில் விமானம் ஏறின அன்றோடு விட்டுவிட்டு வந்தவன். அப்படித்தான் எல்லாருக்கும் சொல்லி வந்தேன்.

“உமக்குத்தான் உந்தப் பயம். எனக்கு ஒண்டுமில்லை. துணி துணிதான்” என்றேன்.

மகள் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, “கூல் ஜக்கெற் அப்பா” என்றாள். அவள் இங்கே பிறந்தவள், பல்கலைக்கழகம் போகிறாள். அம்மாவுக்கு ஏன் கோபம் என்று கேட்டாள். “ஒண்டுமில்லை, போய்ப் படி” என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். சைக்கிள் கதையெல்லாம் அவளுக்கு நாங்கள் சொன்னதே இல்லை.

கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். உடுப்பு கராஜைத் தாண்டி வீட்டுக்குள் வராது. நானே தோய்ப்பேன். பின்வளவுக் கொடியில், கட்டில் விரிப்புகளுக்குப் பின்னால், குசினி யன்னலுக்குத் தெரியாத பக்கமாகக் காயப்போடுவேன். அந்தக் கொடிக்குப் பக்கத்தில்தான் எங்கள் கறிவேப்பிலை மரம் நிற்கிறது. உடுப்புக் காய்கிற நாட்களில் அவள் அந்தப் பக்கம் போகமாட்டாள். அந்த நாட்களில் பருப்பில் கறிவேப்பிலை இராது. நானும் அதைக் கவனிக்காதவன் மாதிரிச் சாப்பிட்டுவிட்டு எழும்புவேன். அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்துகொண்டே பிடிவாதமாக இருந்தேன். அரை விலைக்கு வாங்கின நல்ல உடுப்பை ஒரு பயத்துக்காக எறிய எனக்கு மனம் வரவில்லை.

இனி உடுப்பைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அதன்மேல் ஒரு பிழையும் இல்லை. பிளாக்பெரி முள் துணியில் கொளுவும், நூலைச் சின்ன வளையமாக இழுக்கும், ஆனால் கிழிக்காது. ஐந்தாம் மாதம் தொடை முழுக்க நூல் வளையங்கள் நின்றன. ஓட்டை ஒன்றுகூட இல்லை. ஒருநாள் கரையிலிருந்து ஓடைவரை இருந்தபடியே சறுக்கி விழுந்தேன். எனக்கு நோ பத்து நாள் இருந்தது, காற்சட்டையில் ஒரு கீறல் இல்லை. முழங்கால் துண்டு தேய்ந்து பளபளத்தது, அவ்வளவுதான். முதல் இரண்டு மாதமும் மழைத் தண்ணீர் சேம்பிலையில் போல உருண்டு ஓடியது. பிறகு முதுகில் சுமக்கிற களைநாசினித் தாங்கியின் பட்டி உரசுகிற தோளில் மட்டும் ஊற ஆரம்பித்தது. ஊறினாலும் பத்து மணித் தேத்தண்ணிக்குக் கழற்றிக் கொளுவினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னம் காய்ந்துவிடும். சிப் ஒருதரம் நாயுண்ணி விதை சிக்கி நின்றது, ஊசியால் நோண்டி எடுத்தேன். குறை என்று சொன்னால் மணம். மூன்று நாள் தோய்க்காமல் போட்டால் மான் இல்லை, மதுரைத் தம்பியே பக்கத்தில் வரமாட்டான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காட்டில் ஆளைத் தெரியாமல் செய்வதற்கென்று தைத்த உடுப்பு அது. வேலைச் சட்டப்படி அதற்கு மேலே ஆளைத் தூரத்திலிருந்தே தெரியச் செய்கிற மஞ்சள் மேலங்கி போட வேண்டும். இரண்டையும் போட்டுக்கொண்டுதான் நாள் முழுக்க நின்றேன்.

இடையில் ஒருதரம் மனைவியே இறங்கி வந்தாள். “கறுப்புச் சாயம் போட்டால் என்ன? கறுப்பெண்டால் நான் ஒண்டும் சொல்லமாட்டன்” என்றாள். எனக்கும் சரியென்று பட்டது. சாயப் பக்கெற் வாங்கி வந்து, பின்வளவில் காஸ் அடுப்பை வைத்து, பொங்கலுக்கு மட்டும் எடுக்கிற பெரிய பானையில் தண்ணீர் கொதிக்கவைத்து, உடுப்பைப் போட்டு ஒரு மணித்தியாலம் நான் கிண்ட அவள் உப்புப் போட்டாள். பால் பொங்குகிறதா என்று பார்க்கிற மாதிரி இரண்டு பேரும் பானைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றோம். எடுத்து அலசினால் திட்டுகள் எல்லாம் போட்டபடியே இருந்தன. அகப்பை கறுத்திருந்தது. என் கை கறுத்திருந்தது. உடுப்பில் கறுத்தது ஒன்றே ஒன்று, எப்படித் தோய்க்க வேண்டும் என்று எழுதியிருந்த பருத்தி லேபிள். இந்தமாதிரித் துணியில் சாயம் பிடிக்காது என்று பக்கெற்றின் பின்னால் எழுதித்தான் இருந்தது. பின்பக்கம் வாசிக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை. அடுத்த பொங்கலுக்குப் புதுப் பானை வாங்கினோம்.

அந்த யூலை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, மழை விடாமல் பெய்தது. மத்தியானத்தோடு வேலையை நிற்பாட்டி எங்களை அனுப்பிவிட்டார்கள். அன்று நான் வேட்டை உடுப்புப் போடவில்லை. தோய்த்து கராஜில் தொங்கவிட்டிருந்தேன். கார் திருத்தக் கொடுத்திருந்தபடியால் டூங்கபி ஸ்டேஷனில் இறங்கி நடந்து வந்தேன். எங்கள் வீட்டுப் பக்கத்தால் பின்வளவுக்குப் போக ஒடுங்கின பாதை ஒன்று இருக்கிறது. சப்பாத்தெல்லாம் சேறு, அதனால் அந்தப் பாதையால் போகலாம் என்று பக்கக் கேற்றைத் திறந்தேன்.

பாதையின் முடிவில் ஒருவர் நின்றார். திட்டுத் திட்டான பச்சை உடுப்பு. தொப்பி முகத்தை மறைத்திருந்தது. நீளமாக ஒன்றை இரண்டு கையாலும் நெஞ்சுக்குக் குறுக்கே பிடித்திருந்தார். என்னைக் கண்டதும் ஒரு கையைத் தூக்கி, உள்ளங்கையைக் காட்டி, “ஸ்டொப்!” என்றார்.

நின்றேன். சாப்பாட்டுப் பையை நிலத்தில் வைத்தேன். நான் ஒன்றையும் யோசித்துச் செய்யவில்லை. வலது கை தானாகச் சேட்டுப் பொக்கெற்றுக்குப் போனது, பேர்ஸைத் திறந்தது, அட்டையை எடுத்தது, படம் இருக்கிற பக்கம் அவருக்குத் தெரியும்படி நெஞ்சளவில் நீட்டியது. நான் முகத்தைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்க்கக் கூடாது. நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நிலத்தில் பாசி பிடித்திருந்தது. மழை அட்டையில் விழுந்துகொண்டிருந்தது.

“அப்பா?” என்றது உடுப்பு.

மகள். கூரைத் தண்ணீர் ஓடுகிற பீலி அடைத்துத் தண்ணீர் கராஜுக்குள் வரப் பார்த்திருக்கிறது. குத்தி எடுப்பதற்கு வளவு கூட்டுகிற தும்புத்தடியைத் தூக்கிக்கொண்டு, கராஜில் கைக்கு எட்டின ஜக்கெற்றை மாட்டி, அதன் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு வந்திருக்கிறாள்.

“அதில பாசி, வழுக்கும். அதுதான் ஸ்டொப் எண்டனான்” என்றபடி கிட்ட வந்தாள். நீட்டின அட்டையை வாங்கிப் பார்த்தாள். “வை ஆர் யூ கிவிங் மீ யுவர் லைசென்ஸ், அப்பா?”

நான் பெற்ற பிள்ளைக்கு முன்னால், என் சொந்த வீட்டுப் பாதையில், கார் லைசென்ஸை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். வெட்கத்தில் அப்படியே நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது.

மனைவி குசினி யன்னலால் எல்லாவற்றையும் பார்த்திருக்க வேண்டும். காலில் செருப்புக்கூட இல்லாமல் மழைக்குள் இறங்கி வந்தாள். “பிள்ளை, உதைக் கழட்டிக் கராஜுக்குள்ள போடு” என்றாள். மகளின் கையில் இருந்த லைசென்ஸை வாங்கி, தன் உடுப்பில் துடைத்து, என் பொக்கெற்றில் வைத்து, பொக்கெற்றின் தெறியையும் துளைக்குள் விட்டுப் பூட்டினாள். “வாங்கோ. தேத்தண்ணி ஊத்துறன்” என்றாள். துணி துணிதான் என்று ஒரு வார்த்தை சொல்லிக் குத்தியிருக்கலாம். சொல்லவில்லை.

திங்கட்கிழமை உடுப்பைத் தோய்த்து மடித்துக் கொண்டுபோய் மேற்பார்வையாளரிடம் கொடுத்தேன். அவருக்கும் என் அளவுதான். அவர் தொடையைத் தடவிப் பார்த்தார், சிப்பை இழுத்துப் பார்த்தார், முழங்காலை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். இவ்வளவு அடி வாங்கியும் இன்னும் இரண்டு வருசம் தாங்கும், ஏன் விடுகிறாய் என்று கேட்டார். மனைவிக்கு நிறம் பிடிக்கவில்லை என்றேன். தலையை ஆட்டினார். அவர் வீட்டிலும் அப்படி ஏதோ நடந்திருக்க வேண்டும்.

அன்று வேலையால் வந்தபோது மனைவி பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். எண்ணெய்க்குள் ஒரு பிடி கறிவேப்பிலை விழுந்து பொரிந்தது.

“குடுத்திட்டன். நீர் இனிக் கொடிப் பக்கம் பயமில்லாமல் போகலாம்” என்றேன். “உமக்காகத்தான் குடுத்தனான்.”

“எனக்காகவோ?” அவள் அடுப்பை நிற்பாட்டிவிட்டுத் திரும்பினாள். “கறிவேப்பிலை பிடுங்காமல் விட்டது கோவத்திலை. பயத்திலை எண்டு நினைச்சியளோ? எனக்குப் பயமெண்டால் நான் அங்காலை பாத்துக்கொண்டு போவன்.”

“பிறகேன் உடுப்பைக் கராஜிலை வைக்கச் சொன்னனீர்?”

பருப்பைக் கிண்டினாள்.

“உங்களுக்காகத்தான். கலியாணம் கட்டின நாளிலை இருந்து பாக்கிறன். நித்திரையிலை தலாணிக்குக் கீழை கையை விட்டு ஐசி தேடுறனீங்கள். கிடைக்காட்டி அழுறனீங்கள். விடிய எழும்பி, ஒண்டும் தெரியாத ஆள் மாதிரி ஷேவ் எடுப்பியள்” என்றாள். “நான் உங்கடை கையைப் பிடிச்சு, அதுக்குள்ளை என்ரை உள்ளங்கையைத்தான் வைக்கிறனான். அதைப் பிடிச்சாப் பிறகு படுத்திடுவியள்.”