கையா, மையா

எங்கள் பூஜை அலமாரியில், மலைக்கோயில் அம்மையப்பர் படத்துக்குப் பின்னால், மஞ்சள் தடவிய ஒரு காகித உறை செருகி இருக்கிறது. அதன்மேல் முகவரி இல்லை. வரிசை வரிசையாகப் பிள்ளையார் சுழிகள்தான். ஒன்று பச்சை, சில ஊதா, சில கருஞ்சிவப்பு. ஒன்று மட்டும் கோணல்மாணலாக, எழுதிப் பழக்கமில்லாத கை போட்டது. காலையில் விளக்கேற்றும்போது அதன் ஓரம் கண்ணில் படும். இதைப் பற்றி எழுதிவிட வேண்டும் என்று பேனாவை எடுப்பேன், பிறகு மூடி வைத்துவிடுவேன். பல வருடமாக இதே கதைதான். என் அத்தை இருக்கும்போது எழுதினால் அவர் மனது நோகும் என்பது ஒரு தயக்கம். கோயிலுக்குப் போகிறவனே சாமி காரியத்தை இப்படிச் சொல்கிறானே என்று நாலு பேர் கேட்பார்களே என்பது இன்னொன்று. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்கு ஹோஸ் மாற்றும் பட்டறைக்காரன் நான், படிப்பு ஒன்பதாம் வகுப்போடு சரி. அத்தை போய் வருடம் திரும்பிவிட்டது. இனியும் தள்ளிப்போட்டால், நடந்தது ஒன்றும் ஊரில் நிற்பது ஒன்றுமாக ஆகிவிடும். அதனால் எழுதுகிறேன்.

இது என் நங்கையைப் பற்றியது. எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை நங்கை என்போம். அண்ணன் மாரடைப்பில் போனபோது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. திருச்செங்கோட்டில் ஒரு பொறியியல் கல்லூரி அலுவலகத்தில் வேலை. சான்றிதழ்களில் பிள்ளைகளின் பெயரை அச்சடித்தாற்போல் இங்க் பேனாவால் எழுதுவது அவர்தான். பேனா மை என்றால் அவருக்கு அப்படி ஒரு பிரியம். மற்ற பெண்கள் புடவைக் கடையில் நிற்பதுபோல் அவர் எழுதுபொருள் கடையில் நிற்பார். கூரியரில் சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள் வந்து இறங்கும். ஒவ்வொன்றிலும் ஒரு கோடு இழுத்து, காயவிட்டு, ஈரவிரலால் தேய்த்து, வெயிலில் சாய்த்துப் பார்ப்பார். "கண்ணுல போடற மைய உட்டாச்சு, பேனாவுலயாச்சும் போட்டுக்கறேனுங்க தம்பி" என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் மகளுக்குக் கெங்கவல்லிப் பக்கம் மாப்பிள்ளை அமைந்தது. கல்யாணப் பத்திரிகைக்கெல்லாம் நங்கைதான் பெயர் எழுத வேண்டும் என்று மகள் சொல்லிவிட்டாள், எனக்கும் என் மனைவிக்கும் அதே விருப்பம். எங்கள் குடும்பத்தில் முதல் பத்திரிகை மலைமேல் இருக்கும் சாமிக்கு. மற்ற உறைகளுக்கு நாலு மூலையில் மஞ்சள் தொட்டு வைப்பதோடு சரி. சாமியின் உறைக்கு மட்டும் முழுவதும் மஞ்சள் குழைத்துத் தடவி, நிழலில் உலர்த்தி, அதன்மேல் சாமி பெயரை எழுதுவது வழக்கம். வெள்ளிக்கிழமை சம்பந்தி வீட்டாரும் வந்து, இரு வீடும் சேர்ந்து மலையேறி அதைப் பாதத்தில் வைப்பதாகப் பேச்சு.

நங்கை புதிதாக வந்த ஒரு மையை எடுத்தார். மயில்கழுத்துப் பச்சை. வெள்ளைத் தாளில் எழுதிச் சாய்த்தால் ஓரத்தில் ஒரு செம்மினுக்கு ஓடும். "பாதி அம்மனுக்குப் பச்சை, பாதி அப்பனுக்குச் செகப்பு, ரெண்டும் ஒரே மையில" என்று சந்தோஷப்பட்டார். குளித்துவிட்டு, சாமி கும்பிட்டு, கிழக்கே பார்த்து உட்கார்ந்து எழுதினார். எழுதி முடித்து மூடியைத் திருகுவதற்குள் எழுத்தின் ஓரமெல்லாம் கசிந்து கருஞ்சிவப்பாக மாறத் தொடங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அம்மையப்பர் பெயர் முழுவதும் காய்ந்த ரத்தம்போல் ஆகிவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் அத்தை உள்ளே வந்தார். என் அப்பாவின் தங்கை. வீட்டில் நல்லது கெட்டது எதுவும் அவரைக் கேட்காமல் நடக்காது. வாயில் வெற்றிலை இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. உறையைப் பார்த்ததும் மெல்லுவது நின்றது. கெட்டவர் இல்லை அவர். அண்ணன் போனபோது நங்கையைத் தன் மடியில் போட்டுக்கொண்டு அழுதவர். அதனால்தான் அவர் மெதுவாகச் சொன்னது எல்லாரையும் அடித்தது.

"உன்மேல கோவமில்லைடா கண்ணு. சாமிக்கு இஷ்டமில்லைன்னு காட்டிப் போடுச்சு. வேற கை எழுதட்டும். மித்ததுலயும் நீ தொட வேண்டாஞ் சாமி."

என் மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நங்கை கையமர்த்தினார். அழுதுகொண்டு உள்ளே போய்விடுவார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் அத்தை முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"தப்பு என்ற கை மேலயா, மை மேலயான்னு பாத்துப்போட்டு முடிவு பண்ணுங்க அத்தை. அதுவரைக்கும் நான் ஓரமா போகமாட்டேன்."

அத்தைக்கு அந்தப் பதில் புதிது. "என்னத்தப் பாக்கறது?" என்றார்.

"வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாளிருக்குதுங்க."

மறுநாள் நங்கை கல்லூரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் காலையிலேயே கூடத்தில் பாயை விரித்தார். மஞ்சளே கெட்டதோ என்ற பேச்சு வரக்கூடாது என்று, என்னிடம் சொல்லிச் சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து வேறு மஞ்சள் வரவழைத்திருந்தார். வீட்டில் இடித்ததும் இருந்தது. இரண்டையும் தனித்தனியே குழைத்து உறைகளில் தடவி உலர்த்தினார். குப்பிகளை வரிசையாக வைத்தார். ஒவ்வொரு மையிலும் பிள்ளையார் சுழி மட்டும் போடுவது என்று ஏற்பாடு. சாமி பெயரை வைத்துச் சோதனை செய்யக்கூடாது என்பதில் அவரும் உறுதியாக இருந்தார்.

சிவப்பு மை மஞ்சளோடு கலந்து சோகையாகிவிட்டது. ஊதா ஓரத்தில் பழுப்பேறியது. கறுப்பு அப்படியே நின்றது, ஆனால் கறுப்பில் யார் கல்யாணப் பத்திரிகை எழுதுவார்கள்? மயில்கழுத்து இரண்டு மஞ்சளிலும் கருஞ்சிவப்பானது. இதெல்லாம் நங்கை கை. அடுத்து பேனாவை என் மனைவியிடம் கொடுத்தார். மயில்கழுத்து மறுபடி சிவந்தது. நான் போட்டேன், சிவந்தது. மெஷின் ஆயில் படிந்த என் விரலைப் பார்த்து, "சாமிக்கு உங்களையும் ஆகாதாட்ட இருக்குதுங்க மாமா" என்று என் மனைவி மெல்லக் கிண்டல் செய்தாள். நங்கை சிரிக்கவில்லை. அத்தை பக்கம் திரும்பிப் பேனாவை நீட்டினார்.

"நீங்க ஒரு சுழி போடுங்க அத்தை."

"எனக்கெங்கடி எழுத வரும்? கையெழுத்துக்கே பெருவெரல் உருட்டறவ நான்."

"சுழி போட வருமுங்களே. வாசல்ல சாணியில போடறதுதானுங்க."

அத்தை பேனாவைக் கரண்டி பிடிப்பதுபோல் பிடித்தார். தன் கணவரோடு நிறைந்து வாழ்ந்துகொண்டிருந்தவர், பேரன் பேத்தி எடுத்தவர். எங்கள் உறவில் எந்த நல்ல காரியத்துக்கும் முதல் கை அவருடையதுதான். கோணலாக ஒரு சுழி விழுந்தது. பச்சையாக விழுந்தது, கொஞ்ச நேரத்தில் சிவந்தது.

நங்கை வெற்றி பெற்றவர்போல் முகத்தைக் காட்டவில்லை. அதை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். அத்தை உறையைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோனார், வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு தன் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, சுண்ணாம்பை ஒரு துளி விரலில் எடுத்து, உறையின் மூலையில் மஞ்சள்மேல் தேய்த்தார். அதே சிவப்பு.

"அட என்ற சாமி! இது ஆரத்திச் செவப்பல்லோ!" என்றார். "காலம்பூரா மஞ்சத்தண்ணியில சுண்ணாம்பப் போட்டுக் கரைக்கறேன், எனக்குத் தெரியாமப் போச்சே. அந்த மையிக்குள்ள சுண்ணாம்புக் காரம் இருக்குதுடி."

ஆமாம். மஞ்சளும் காரமும் சேர்ந்தால் சிவக்கும். எங்கள் ஊரில் ஆரத்தி கரைத்த எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த விஷயம். தட்டில் இருந்தால் மங்களம் என்று கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். உறையில் வந்ததும் ரத்தம் என்று நடுங்கிவிட்டோம். இப்படியொரு தப்பு எங்களைப் போன்றவர்களுக்குத்தான் வரும்.

ஆனாலும் அத்தை உடனே இறங்கி வரவில்லை. கொஞ்ச நேரம் மென்றுவிட்டு, "சரி, கை மேல தப்பில்லை. ஆனா ஊரு என்ன சொல்லும்?" என்றார்.

நங்கை, தடவி உலர்ந்து மிச்சமிருந்த உறைகளைக் காட்டினார். "ஊருக்கும் சேத்துத்தான் தடவி வெச்சிருக்கறனுங்க. வரச் சொல்லுங்க, ஆளுக்கு ஒரு சுழி போட்டுப் பாக்கட்டும்."

அத்தைக்குச் சிரிப்பு வந்து வெற்றிலை புரையேறிவிட்டது. நங்கை அவர் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தார். குடித்து முடித்து, புது உறை ஒன்றை எடுத்து, அத்தை தன் கையாலேயே மஞ்சள் தடவினார். "நீயே எழுது சாமி" என்று நங்கை முன்னால் வைத்தார்.

எந்த மை என்பதுதான் மிச்சம். நங்கைக்குப் பச்சை வேண்டும், விடவில்லை. கடைசியாக, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதும் சாதாரண நீல மையைத் தொட்டு ஒரு சுழி போட்டார். மஞ்சள்மேல் நீலம் இறங்கி, நல்ல கரும்பச்சையாக நின்றது. சாயங்காலம்வரை வைத்துப் பார்த்தார், மாறவில்லை. கூரியரில் வந்த குப்பிகளையெல்லாம் மூடிவிட்டு, அந்த மையால் அம்மையப்பர் பெயரை எழுதினார். வெள்ளிக்கிழமை மலைமேல் பாதத்தில் வைத்தோம். சம்பந்தியம்மா அதைப் பார்த்துவிட்டு, "இந்தப் பச்ச மை எந்தக் கடையில கெடைக்குது?" என்று கேட்டார். அத்தை முந்திக்கொண்டு, "எங்க ஊட்டுல செஞ்சது" என்றார்.

கல்யாணத்தன்று ஆரத்தியை நங்கைதான் கரைக்க வேண்டும் என்று அத்தை சொன்னார். எடுத்தது வேறு கைகள். அதுவரைக்கும்தான் அத்தையால் வர முடிந்தது. அவருக்கு அதுவே நீண்ட தூரம் என்று எனக்குத் தெரியும். நங்கைக்கும் தெரியும், ஆனால் அவர் அதோடு நின்றுவிடவில்லை. ஓய்வு பெற்றுச் சேலத்தில் மகனோடு இருக்கிறார். போன மாதம் பேத்தியின் காதுகுத்தில் ஆரத்தித் தட்டை அவரே எடுத்தார். யாரிடமும் கேட்கவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை.

இப்போது ஊரில் உலவும் கதை வேறு. விதவை கை பட்டதும் சாமியே இறங்கி எழுத்தைக் குங்குமமாக மாற்றினார் என்று சொல்கிறார்கள். பட்டறைக்கு வந்த ஒரு டிரைவர் என்னிடமே கைகூப்பிக்கொண்டு சொன்னார். நங்கையிடம் போனில் சொன்னேன். "அப்படிச் சொன்னா, அடுத்தவளுக்குச் செவக்காமப் போனா அவள ஓரமா உக்கார வெச்சுருவாங்க தம்பி" என்றார்.

படிக்கிறவர்களைக் கேட்டுக்கொள்வது இதுதான். இதை யாருக்காவது சொன்னால் நடந்தபடியே சொல்லுங்கள். அற்புதம் என்று ஏற்றிச் சொல்ல வேண்டாம், சகுனம் என்று இறக்கிச் சொல்லவும் வேண்டாம். மை சிவந்தது, அவ்வளவுதான். அத்தை போட்ட கோணல் சுழி அதற்குச் சாட்சி. உறையில் மஞ்சள் வெளுத்துவிட்டது. அந்தச் சுழி இன்று காலை விளக்கு வெளிச்சத்திலும் சிவப்பாகத்தான் இருந்தது.